முழுக் கட்டை

முடிவெடுக்கத் தெரியாதவர்களோடு ஓட்டலுக்குக்கூடப் போகக்கூடாது, ஷில்பா. உன் புருஷனைத்தான் சொல்கிறேன். மசாலா தோசை சொல்வான். சர்வர் நாலடி நகர்வதற்குள் கூப்பிட்டு செட் தோசை என்பான். அது வந்ததும் என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். காலேஜ் நாளிலிருந்தே டென்சில் அப்படித்தான். எங்கள் பேண்டில் அவன் முன்னால் நின்று லீட் கிட்டார், நான் பின்னால் ரிதம். தயங்கித் தயங்கி வாசித்தாலும் கூட்டம் அவனைத்தான் பார்க்கும். அது வேறு விஷயம்.

சர்ச் வாசலில் கிட்டார் செய்கிற அலெக்சாண்டர் உன்னிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். அவரே போன் செய்தார். நீ கேட்க வந்ததை நானே சொல்லிவிடுகிறேன், உட்கார்.

போன வருடம் டென்சிலுக்கு இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. உனக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. நான்தான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கழுத்து நரம்பு அழுந்தியிருக்கிறது, இடது தோளில் கனம் ஏற்றவே கூடாது, ஏற்றினால் கை ஒரேயடியாகச் செயலிழந்து போகலாம் என்றார். தெளிவாகத்தான் சொன்னார். அதனால்தான் அலெக்சாண்டரிடம் புதுக் கிட்டார் செய்யக் கொடுக்கும் பேச்சே வந்தது.

கிட்டாரின் மர உடலை உள்ளே அறை அறையாகக் குடைந்து செய்தால் லேசாக இருக்கும். முழுக் கட்டையில் செய்தால் கனம். ஆனால் ஒரு சுரத்தை இழுத்துவிட்டால் அது சாகாமல் நிற்கும். அப்படி நிற்பதுதான் டென்சிலுக்கு உயிர். தோளுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. நியாயமான குழப்பம்தான். ஆனால் அதை அவன் மாதக்கணக்கில் என் தலையில் போட்டு அரைத்தான். நான் பல் தேய்க்கும்போது போன். "மச்சா, குடைஞ்சதே போதும்ல?" போதும் என்பேன். டிரினிட்டி சர்க்கிள் சிக்னலில் நிற்கும்போது மறுபடி போன். "இல்ல மச்சா, அதுல அந்த சவுண்டு வராது. என்ன பண்றது, சொல்லு." சொல்வேன். சொன்னதை ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு வகையையும் இரவல் வாங்கிவந்து, என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றி வாசிப்பான். எது எது என்று நான் சரியாகச் சொல்வேன். அப்போதும் நீ வாசித்துப் பார் என்று கிட்டாரை என்னிடம் நீட்டியதில்லை. அத்தனை வருடப் பழக்கத்தில் ஒருமுறைகூட.

கடைசியில் ஒரு சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "குடைஞ்சதே போட்டுடலாம் மச்சா. ஷில்பா பயப்படறா. நீயே போய் அலெக்சாண்டர்கிட்ட சொல்லிடு. நான் போனா திரும்ப மாத்திடுவேன்."

போனேன். முழுக் கட்டை என்று சொன்னேன்.

அலெக்சாண்டர் திருப்பிக் கேட்டார். "அவன் கழுத்துக்கு இது ஆகாதேப்பா, அசோகா." டாக்டர் சம்மதித்துவிட்டார் என்றேன். மேலே பலகை ஒட்டி வர்ணம் பூசிவிட்டால் உள்ளே குடைந்திருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. கிட்டாரை நானே வாங்கிவந்து கொடுத்தேன். தோளில் மாட்டியதும் முகத்தைச் சுளித்தான்.

"கனமா இருக்கே மச்சா. குடைஞ்சதுதானா?"

"குடைஞ்சதுதான். மரம் அப்படி. உன் தோள்தான் வீக் ஆயிடுச்சு. வாசிக்க வாசிக்க சரியாயிடும்."

நம்பினான். வாசித்தான். அன்று அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், ஷில்பா. குடைந்ததிலேயே இப்படி நிற்கிறதே என்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தான். வாய்விட்டுக் கேட்கப் பயந்ததை நான் அவன் கையில் கொடுத்திருந்தேன்.

விரல்கள் மறுபடி மரத்தபோது உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றேன். டாக்டரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கிறேன் என்றேன். போடவில்லை. கல்யாண சீசன், வரிசையாகக் கச்சேரிகள் இருந்தன. ஸ்டூல் கேட்டான், நின்று வாசித்தால்தான் கூட்டம் ரசிக்கும் என்றேன். அது பொய்யில்லை. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் பாதிப் பாட்டில் அவன் கை கம்பிகளைவிட்டு நழுவித் தொங்கியது. அவன் தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றி என் தோளில் மாட்டிக்கொண்டு மீதிப் பாட்டை நான் முடித்தேன். நல்ல கைதட்டல். அவனைத் தாங்கிப் பிடிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள்.

தெரிந்தே செய்தேனா என்றால், ஆமாம். கை போகும் என்று தெரியும். டாக்டர் சொன்னபோது நானும்தானே பக்கத்தில் இருந்தேன். ஆனால் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. அவனால் முடியாத ஒன்றை யாராவது முடித்துவைக்க வேண்டியிருந்தது.

இல்லாவிட்டால் ஞாயிறுதோறும் அதே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஜோகுபாளையத்தில் உங்கள் வீட்டுக்கு ஏன் வருகிறேன்? அவன் எதிரில் உட்கார்ந்து அவனுக்காகத்தான் வாசிக்கிறேன். ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தும்போதெல்லாம் அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான், நீயே பார்த்திருப்பாய். ரசனை உள்ளவன், ஷில்பா. அந்த நாதம் அவனை இன்னும் உருக்குகிறது.