துணி எடுத்துடு

மொட்டை மாடியில் துணி காயப்போடுவதில் என் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, மேடம். சட்டையெல்லாம் ஒரு கொடியில், படுக்கை விரிப்பெல்லாம் ஒரு கொடியில், சின்னச் சின்னதெல்லாம் உள்பக்கம். ஒரு கிளிப் கோணலாக இருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுவாள். "நீ துணி காயப்போடறியா, அணிவகுப்பு நடத்தறியா?" என்று அத்தான் கிண்டல் செய்வார். ஆலையைப் பற்றிக் கேட்டால் இவன் துணியைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. விஷயம் அந்த மாடியில்தான் ஆரம்பித்தது.

எங்கள் ஆலையில் மரத்தூள், உமி, நறுக்கிய கட்டை, நகரத்துக் குப்பையில் பிரித்தெடுத்த மிச்சம் எல்லாவற்றையும் எரித்து மின்சாரம் எடுக்கிறோம். வாசலில் பெரிதாகப் பச்சை இலை வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் அங்கே ஷிஃப்ட் இன்சார்ஜ். பாய்லரிலிருந்து வரும் புகை நேராக வெளியே போகாது. நீள நீளமான துணிப் பைகள் தொங்கும் ஒரு அறைக்குள் போய், சாம்பலையும் கரியையும் அங்கே விட்டுவிட்டுத்தான் புகைபோக்கிக்குப் போகும். நல்ல கட்டையாக இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஈரக் குப்பையும் பிளாஸ்டிக்கும் கலந்து வந்தால் பைகள் பிசுபிசுவென்று அடைத்துக்கொள்ளும். அப்போது பாய்லரை நிறுத்திவிட்டுப் பைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். அதுதான் முறை.

இன்னொரு வழியும் இருக்கிறது. பை அறைக்குப் பக்கத்தில் ஒரு பைபாஸ் கதவு உண்டு. பாய்லரைப் புதிதாகப் பற்றவைக்கும்போது மட்டும் திறப்பதற்காக வைத்தது. அதைத் திறந்தால் புகை பைகளைத் தொடாமல் நேரே புகைபோக்கிக்குப் போய்விடும். புகையில் எவ்வளவு கரி போகிறது என்று அளக்கும் கருவியை அந்த நேரம் 'சர்வீஸ்' என்று மாற்றி வைத்தால் அது எதையும் பதியாது. பாய்லர் அது பாட்டுக்கு ஓடும்.

அந்தக் கதவை நான் அடிக்கடி திறந்தேன். யாரும் என்னைத் திறக்கச் சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மேனேஜர் "எப்படியோ ஓட்டிடுங்க" என்பார். அந்த 'எப்படியோ'வுக்குள் என்ன இருக்கிறது என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என் ஷிஃப்டில் பாய்லர் நின்றதே கிடையாது. அதனால் கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு 'நிக்காதவர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள். எனக்கோ அதைக் கேட்டால் உச்சி குளிர்ந்துவிடும். இந்த வயதில் ஒரு பட்டப்பெயரைக் காப்பாற்றுவதற்காகச் செய்தேன் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது.

அக்கா வீடு ஆலை மதிலுக்குப் பின்னால் இருக்கிற தெருவில். நான்தான் பார்த்துக் கொடுத்தேன். கூப்பிடு தூரத்தில் இருக்கட்டுமே என்று ஆசை. ஒருநாள் குருவியின் பள்ளிக்கூடச் சட்டையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். குருவி அவளுடைய மகள். ஆள் பொடிசு, வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். வெள்ளைச் சட்டை முழுக்க மிளகுத் தூள் தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள். விரலால் தேய்த்தால் கோடாக இழுபட்டது.

"என்னடா இது, உங்க ஆலையிலேர்ந்து வந்த பரிசா?"

"எப்பவாவது கொஞ்சம் வரும்க்கா. வர்றதுக்கு முன்னாடி நான் போன் பண்ணிடறேன். நீ துணி எடுத்துடு."

அப்படி ஆரம்பித்ததுதான். கதவைத் திறப்பதற்கு முன்னால் அவளுக்கு ஒரு போன். "அக்கா, துணி எடுத்துடு." வேறு ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவளும் "சரிடா" என்று வைத்துவிடுவாள்.

குருவிக்கு மூச்சிளைப்பு உண்டு. குளிர் நாட்களில் நெஞ்சு விசிலடிக்கும். வாயில் வைத்து அழுத்துகிற மருந்தைப் பள்ளிக்கூடப் பையிலேயே வைத்திருப்பாள். அக்கா விவரமானவள். துணியில் படிவது நெஞ்சிலும் படியும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. என் போன் வந்ததும் துணியை வாருவாள், ஜன்னல்களைச் சாத்துவாள், தெருவில் ஆடிக்கொண்டிருக்கும் குருவியை உள்ளே இழுத்துக்கொள்வாள். "மாமா போன் பண்ணிட்டாரு, ஆட்டம் குளோஸ்" என்று அந்தப் பொடிசு முணுமுணுத்துக்கொண்டே வருமாம்.

அந்தப் புகை உடம்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று முதல் நாள் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது பொய். தெரியாதவன் எதற்குப் போன் செய்கிறான்? அந்தத் தெருவில் கைக்குழந்தைகள் இருந்தன. படியேறினால் மூச்சு வாங்குகிற பெரியவர்கள் இருந்தார்கள். அத்தனை வீட்டில் நான் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் சொன்னேன். அதையும் பெரிய பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு எதிர் வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். நாள் முழுக்க ஊசியில் நூல் கோர்க்கிற கண், எதுவும் தப்பாது. நல்ல வெயிலில் அக்கா ஈரத் துணியை வாரிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறார். சற்று நேரத்தில் மதிலுக்கு மேலே கறுப்பாகப் புகை எழுவதையும் பார்த்திருக்கிறார். அக்கா எடுத்தால் அவரும் எடுக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்துப் பக்கத்து வீடு, அதைப் பார்த்து அடுத்த வீடு. அக்காதான் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். "நான் மாடிப்படியில கால வெச்சாப் போதும்டா, தெரு பூரா ஜன்னல் தடதடன்னு சாத்துது. என்னமோ நான்தான் இந்தத் தெருவுக்கே தலைவி மாதிரி."

நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால், அந்தக் கொஞ்ச காலம் அந்தத் தெரு ஓரளவாவது தப்பித்தது என் அக்காவால்தான்.

பிறகு பொதுமக்கள் வந்து ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஒருநாள் ஏற்பாடு செய்தார்கள். மேலதிகாரிகள் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் நீளமாகப் பேசி முடித்து, யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். தையல்காரம்மா எழுந்து என்னைக் கை காட்டினார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார் புரியல. இவரோட அக்கா துணி எடுத்தாங்கன்னா கொஞ்ச நேரத்துல கறுப்புப் புகை வருது. ஒரு தடவகூடத் தப்பினதில்ல. அது எப்படி அவங்களுக்கு மட்டும் முன்னாடியே தெரியுது?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "எங்க அக்காவுக்கு மூக்கு கொஞ்சம் நீளம்" என்றேன். கூட்டம் சிரித்துவிட்டது. தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

அன்று மாலை மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை. "உங்க அக்கா வீட்டுத் துணி நம்மளக் காட்டிக் கொடுத்துடும் போலிருக்கே" என்றார். "எப்படியோ பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. கதவைத் திறப்பதை நிறுத்தலாம், அல்லது போன் செய்வதை நிறுத்தலாம். மனசுக்குள் போராடினேன், தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை மேடம். போனை நிறுத்தினேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

கதவைத் திறக்கும் நேரத்தையும் மாற்றிக்கொண்டேன். பொழுது சாயும் நேரத்துக்கு. அப்போது கொடியில் துணி இருக்காது, புள்ளி விழ இடமில்லை. வானமும் மங்கிவிடுவதால் புகையின் நிறம் எடுத்துக் காட்டாது. நாற்றம் வந்தால் எங்கோ குப்பை எரிகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அதுதான் குழந்தைகள் தெருவில் விளையாடுகிற நேரம் என்பதும், காற்று அடங்கி, புகை மேலே போகாமல் தாழ இறங்குகிற நேரம் என்பதும் எனக்குத் தெரியும். ஷிஃப்ட் இன்சார்ஜுக்குத் தெரியாமல் இருக்குமா?

அக்கா சும்மா இருப்பாளா, கேட்டாள். "என்னடா, இப்பல்லாம் போனே காணோம்?"

"புதுப் பை போட்டாச்சுக்கா. இனிமே புகையே வராது. ஜன்னலத் தாராளமாத் திறந்து வை. குருவி வெளியில ஆடட்டும்."

வேலை ஜாஸ்தி, போன் செய்ய முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவள் தன் பாட்டுக்கு ஜாக்கிரதையாக இருந்திருப்பாள். ஆனால் அவள் ஜன்னலைச் சாத்தினால் தெருவே சாத்தும். தெரு சாத்தினால் மறுபடி கேள்வி வரும். அதனால்தான் திறந்து வை என்றேன். அவள் அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். தையல்காரம்மா நம்பவில்லையாம், நெஞ்சை ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றாராம். "என் தம்பி எங்கிட்டப் பொய் சொல்லமாட்டான்" என்று அக்கா அவரோடு சண்டைக்கே போயிருக்கிறாள். அதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

நீங்கள் கேட்கிற அன்றைக்கு என் ஷிஃப்ட் இல்லை. நெட்டையின் ஷிஃப்ட். அவன் எனக்குக் கீழே வேலை செய்கிறவன், உயரமான ஆள். ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால், மனைவிக்குப் பிரசவ வலி வந்துவிட்டது என்று என் வீட்டுக்கு ஓடி வந்தான். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆபீஸில் யாருக்கும் சொல்லவில்லை. ஆலைக்குப் போனால், எரிக்க வந்திருந்தது இடித்த கட்டடத்துக் குப்பை. வயர் உறை, பைப் துண்டு, பெயின்ட் அடித்த பலகை. பார்த்ததும் தெரிந்தது, பைகள் அடைக்கப் போகின்றன என்று. அடைத்தன. பாய்லரை நிறுத்தினால் மேனேஜர் ஓடி வருவார், ஆள் மாறி நின்றது தெரிந்துவிடும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேகம் மூடி, இலை அசையவில்லை. கதவைத் திறந்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. அக்கா. அந்த நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அடித்தது. எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். கதவை மூட ஒரு கைப்பிடியைத் திருப்பினால் போதும், கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அழுத்தம் காட்டுகிற முள் இன்னும் சிவப்பிலேயே நின்றது, அப்போது மூடினால் பாய்லர் நின்றுவிடும். அது இறங்கட்டும் என்று காத்திருந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. முள் இறங்கிய பிறகு கதவை மூடினேன், கருவியைப் பழையபடி மாற்றி வைத்தேன்.

குருவி ஆஸ்பத்திரி வாசல்வரைகூடத் தாங்கவில்லை. வண்டியிலேயே, அக்காவின் மடியிலேயே போய்விட்டாள்.

வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், போன் சத்தம் கேட்கவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை இப்போது மேசைமேல் வைக்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

பக்கத்து அறையில் நெட்டையை உட்கார வைத்திருக்கிறீர்கள். நானே வந்து சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் அவன் வாய் திறக்காமல் இருக்கிறான். பிறந்த குழந்தையை அவன் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. அவனை விட்டுவிடுங்கள். நேற்று அக்காவின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "என் தம்பி அன்னிக்கு அங்க இருந்திருந்தா எனக்குக் கண்டிப்பா போன் வந்திருக்கும். வரல. அப்போ அவன் அங்க இல்ல." அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

நான் அங்கேதான் இருந்தேன். கதவைத் திறந்தது நான், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான் மேடம். அக்காவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று எனக்குத்தான் தெரியும், அவளை இத்தனை நாளும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவன் நான்தானே.