மயூரதன் அண்ணனின் முப்பது வருடங்கள்

பிளேன்டீயில் சீனி கூடிவிட்டது சேர். பரவாயில்லை, குடிக்கிறேன். ஸ்மூத் ஜாஸ் என்றால் என்னவென்று கேட்டீர்கள். யாருக்கும் தொந்தரவு தராத இசை அது. சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம், பல் வைத்தியரிடம் காத்திருக்கும்போதும் கேட்கலாம். மயூரதன் அண்ணன் கண்டி வாவிக்கரையில் ஒரு ஹோட்டல் லவுஞ்சில் முப்பது வருடம் அதைத்தான் பியானோவில் வாசித்தார். நான் பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசித்தேன்.

அந்த முப்பது வருட வாசிப்பில் நல்லதைப் பொறுக்கி ஒரே அல்பமாக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பழைய கெசட்டுகள் என்னிடம் இருந்தன. பதிவு செய்தவனே நான்தான். இரண்டு மைக் வைப்பேன். பியானோ இடப்பக்கம், பேஸ் வலப்பக்கம் என்று தனித்தனியாகப் பதியும். வத்தேகமவில் என் வீட்டுப் பின்னறைச் சுவர்களுக்கு மெத்தை அடித்து ஸ்டூடியோ ஆக்கினேன். பூஞ்சணம் பிடித்த நாடாக்களைத் துடைத்துக் கணினியில் ஏற்றினேன். "நீங்க அந்தப் பியானோவத்தான் கல்யாணம் முடிச்சிருக்கணும்" என்று என் மனைவி பாயிஸா சொல்லுமளவுக்கு அந்த அறையிலேயே கிடந்தேன்.

அண்ணன் வருவார், கேட்பார், மாற்றச் சொல்வார். அடுத்த கிழமை வந்து மாற்றியதை மாற்றச் சொல்வார். மனிதனுக்கு விசர் பிடிக்கும் சேர். அதையும் பொறுத்தேன்.

கடைசியாக வந்த அன்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "லாபிர், பேஸ் பக்கத்தை எடுத்துப்போட்டுப் பியானோவை மட்டும் விடுவம். சனம் அதைத்தானே கேக்குது."

"எல்லாப் பாட்டுலயுமா அண்ணன்?"

"ஓம், எல்லாத்திலயும். குறை நினையாதையும்."

என்னைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கறிவேப்பிலையைச் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்குவது உலக வழக்கம். எனக்கு எரிச்சல் வந்தது அவருடைய பெயருக்காக. பெரஹரா ஊர்வலக் காலத்துப் பதிவுகளைக் கேட்டால் உங்களுக்கே விளங்கும். வீதியில் மேளங்கள் போகும்போது அண்ணனின் கை தன்பாட்டில் அந்தத் தாளத்துக்கு ஓடும். என் விரலைப் பார்த்துத்தான் திரும்பி வருவார். பேஸை எடுத்தால் அவருடைய தடுமாற்றம் ஊருக்கே தெரிந்துவிடும். அதைச் சொன்னேன். "அது ஒருத்தருக்கும் விளங்காது" என்றார்.

அவருக்குத் தொய்வு இருந்தது, தூசி பட்டால் மூச்சு இழுக்கும். அவர் முகம் கழுவப் போனபோது மேசையிலிருந்த இன்ஹேலரை எடுத்து என் கிட்டார் பைக்குள் வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்த பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பழைய கம்பளத்தைத் தட்டினேன். தூசி இருந்தது, தட்ட வேண்டியதுதானே. பாயிஸா சந்தைக்குப் போயிருந்தாள். அந்த அறையிலிருந்து சத்தம் வெளியே போகாது.

அண்ணன் மேசையைத் தடவினார், சட்டைப்பையைத் தடவினார். "லாபிர், பம்ப்" என்றார். நான் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அதை அவசரப்பட்டுச் சுருட்டினால் உள்ளே செம்பு முறிந்துவிடும். ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக, நிதானமாகச் சுருட்ட வேண்டும். எல்லா வயரையும் சுருட்டி முடித்தபோது அவர் கதிரையில் சாய்ந்து சும்மா இருந்தார். இன்ஹேலரை அவர் கைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டேன். மூடியைக் கழற்றாமல் வைத்தது என் பிழை. மூடியோடு அது அவர் கையில் இருப்பதைப் பொலிஸ் எடுத்த படத்தில் பார்த்துத்தானே என்னைத் தேடி வந்தீர்கள்.

செத்த வீட்டில் அவருடைய மனைவி வதனா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இனி நீர்தான் அதை முடிச்சுத் தரவேணும்" என்றா. முடித்துக் கொடுத்தேன். அல்பம் வெளிவந்துவிட்டது. அட்டையில் அண்ணனின் படம், அண்ணனின் பெயர் மட்டும். என் பெயரையும் போடச் சொன்னா, நான்தான் வேண்டாமென்றேன். எனக்கெதற்கு அதெல்லாம். அவருடைய பியானோவை நாலு பேர் கேட்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன்.

பியானோப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்தேன். இப்போதுதான் பேஸ் ஒழுங்காகக் கேட்கிறது.