மூன்று முறை கேட்ட கருவி

அவைக்கு அணிசெய்யும் தலைவர், எங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளி மணிகண்டராஜ் அவர்களே, கணினியையும் கம்பியையும் கைகோக்க வைத்த பொறியாளர் பிரீத்தி அவர்களே, ஏழாயிரம்பண்ணைப் பெரியோர்களே, கருந்தூள் படிந்த கைகளால் ஊருக்கெல்லாம் ஒளி செய்து தரும் என் தாய்மார்களே, போர்மேன் சங்கிலிமுத்துவின் பணிவான வணக்கம்.

வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் ஒரு வாரமாகப் பெருங்குழப்பத்தில் இருக்கிறேன். வானத்து வெயிலை வாங்கி, வயரிலே ஓட்டி, பேட்டரியிலே பூட்டி, எந்த மோட்டார் ஓடலாம், எது நிற்கலாம் என்று தானே முடிவெடுக்கும் கருவி இது. வியந்தேன். வியந்துகொண்டே குழம்பினேன்.

போன செவ்வாய் மதியம் மேகம் மூடி மின்சாரம் குறைந்தது. கருவி கேட்காமல் எதையும் நிறுத்தியதா? இல்லை. "ஏசியை நிறுத்தட்டுமா?" என்று ஆபீசுக்குச் செய்தி அனுப்பியது. "வேண்டாம்" என்று பதில் போனது. "தண்ணீர் மோட்டாரை நிறுத்தட்டுமா?" என்று எனக்கு மூன்று முறை அனுப்பியது. என் போன் எங்கே இருந்தது? அந்தா, அக்கா சொல்றாக பாருங்க, வாசல் பெட்டியிலதான். வெடிமருந்து அறைப் பக்கம் போன் போகக் கூடாதே.

அந்த நேரம் பார்த்து அந்த அறையில் வேலை செய்யும் மாரிச்செல்வியின் கையில் வெடிமருந்து பட்டது. மோட்டார் ஓடினால்தான் குழாயில் தண்ணீர். குழாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. "அண்ணே, கை காந்துதுண்ணே, தண்ணி எங்கண்ணே" என்று ஓடி வந்தார். குடிக்க வைத்திருந்த குடத்தை அவர் கையில் கவிழ்த்தோம். இன்று கட்டுப்போட்ட கையோடு இரண்டாம் வரிசையில் இருக்கிறார்.

தவறு யாருடையது? கேட்ட கருவியுடையதா? போனை விட்டுவிட்டுப் போன என்னுடையதா? விட்டுவிட்டுப் போகச் சொன்ன விதியுடையதா? பிரீத்தி அவர்களிடம் கேட்டேன். கணினியைத் திறந்து காட்டினார். "மூன்று முறை கேட்கப்பட்டது. மறுப்பு இல்லை. நிறுத்தப்பட்டது."

இதே கருவியை எல்லா அறைகளுக்கும் இணைக்க, இந்தப் பொத்தானை அழுத்தும் பெருமையை எனக்குத் தந்திருக்கிறீர்கள். தவறு யாருடையது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் ஒன்று விளங்குகிறது. ஏ கருவியே, பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று எண்ணாதே. உள்ளே எண்பது பெண்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறார்கள் என்று எண்ணு. அதை நீ கற்கும் வரை என் விரல் இந்தப் பொத்தானில் படாது.

முதலாளி கோபிச்சுக்கிடாதீக. கைதட்ட வேண்டாம் தாய்மார்களே, மாரிச்செல்வியால் தட்ட முடியாது. பொறுத்துக் கேட்டமைக்கு நன்றி, வணக்கம்.