பிருந்தாவின் பிறந்தநாள் புதிர்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டதும் குறைத்துவிட்டீர்கள், நன்றி, இன்ஸ்பெக்டர் அம்மா. காற்று நேராக முகத்தில் அடித்தால் எனக்குத் தும்மல் வந்துவிடும். இருபத்திரண்டு வருடம் அச்சகத் தூசியில் உட்கார்ந்து பிழை திருத்தியவனுடைய மூக்கு இது.

ஞானசிகாமணி என்ற பெயரையும் நாற்பத்தேழு என்ற வயதையும் ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள். திருமணம் ஆகவில்லை. பாளையங்கோட்டையில் தனி வீடு. இணையத்தில் நான் தினமும் போட்டுவந்த புதிரின் பெயர் ‘ஈரெட்டு’. பதினாறு சொற்கள் கட்டம் கட்டமாக இருக்கும். அவற்றை நான்கு நான்காகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நான்குக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சில சொற்கள் இரண்டு கூட்டத்திலும் பொருந்துவது போல் ஏமாற்றும். நான்கு தவறுக்கு மேல் செய்தால் ஆட்டம் முடிந்தது. காலை ஆறு மணிக்கு வெளியிடுவேன். வாட்ஸப் குழுவில் தொள்ளாயிரம் பேர். காயல்பட்டினத்திலிருந்து துபாய்க்குப் போனவர்கள்கூட அங்கேயிருந்து ஆடினார்கள்.

பிருந்தா ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். வீடு தச்சநல்லூர். நான்கு வருடத்துக்கு முன் என் புதிர் ஒன்றில் தவறு கண்டுபிடித்து எழுதினாள். தவறு என்னுடையதுதான். மறுநாளிலிருந்து வெளியிடும் முன் அவளுக்கு அனுப்பத் தொடங்கினேன். மத்தியானம் அனுப்பினால் சாயங்காலம் குறிப்பு வரும். “திங்கள்னு ஒண்ணு வச்சிருக்கியளே, அது கிழமையா, மாசமா, நிலாவா? மூணு வேஷம் கட்டி ஆடுது அண்ணாச்சி. ஒண்ணைக் கழட்டுங்க” என்று ஒருமுறை எழுதினாள். நான் அந்த மாதிரி வரிகளை ஒரு நோட்டில் எடுத்து எழுதி வைத்தேன். அந்த நோட்டு இப்போது உங்களிடம் இருக்கிறது. முந்நூற்றுப் பதினொரு குறிப்புகள்.

ஒரு சொல்லை நான் எந்த எண்ணத்தோடு வைத்தேன் என்பதை இன்னொருவர் சரியாகத் தொட்டுவிட்டால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் சைவக் குடும்பம். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவச் சபையில் இருப்பவர்கள். அவள் வீட்டில் அதெல்லாம் நடக்காது என்று எனக்குத் தெரியும். அது ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது.

போன தை மாதம் அவள் போன் செய்தாள்.

“அண்ணாச்சி, ஒரு கையெழுத்துப் போடணும். சாட்சிக் கையெழுத்து. உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா?”

பதிவு அலுவலகத்துக்குப் போனேன். மாப்பிள்ளை மெர்வின். என் சபையைச் சேர்ந்த பையன், பாடகர் குழுவில் எனக்கு முன் வரிசையில் நிற்பவன். இருபத்தொன்பது வயது. நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அன்றைக்கு வழக்கம்போலவே இருந்தது. நீங்கள் சரிபார்க்கலாம்.

பிறகு மூவரும் டீ குடித்தோம். மெர்வின் நல்ல பையன், மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டான். “அண்ணாச்சி, அந்தத் திங்கள் புதிரு ஞாபகம் இருக்கா? மூணு வேஷம் கட்டி ஆடுதுன்னு நான்தான் எழுதச் சொன்னேன்” என்றான்.

நான் பிருந்தாவைப் பார்த்தேன். அவள் சிரித்தாள்.

“ரெண்டு வருஷமா இவன்தான் பாக்கான் அண்ணாச்சி. எனக்குக் காலேஜ்ல பேப்பர் திருத்தவே நேரம் பத்தல. இவன் சொல்லச் சொல்ல நான் அடிச்சு அனுப்பிருவேன். உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சேன்.”

எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து, எதுவரை அவள், எதிலிருந்து அவன் என்று பிரிக்கப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. சொற்களைப் பிரிப்பதையே வேலையாக வைத்திருப்பவன் நான்.

என் வருத்தம் திருமணத்தைப் பற்றியது அல்ல. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவள் வேறு மதத்தில் கட்டிக்கொண்டது எனக்குச் சந்தோஷம்தான். நடக்காது என்று நான்கு வருடமாக நினைத்திருந்த ஒன்று நடக்கும் என்று தெரிந்தது, அவ்வளவுதான். என் வருத்தமெல்லாம் புதிர் பற்றியது.

அவர்கள் ஆழ்வார்குறிச்சிக்குக் குடிபோனார்கள். மெர்வினுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. ஓடாமல் கிடக்கிற ஒரு அரிசி மில்லின் மாடியில் வீடு. முகவரி எனக்கு மட்டும் தெரியும். வாரம் ஒருமுறை பேசுவாள். மீன் குழம்பு வைக்கப் பழகியதாகச் சொன்னாள். “எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா கல்யாணத்தைக்கூட மன்னிச்சிருவான், இதை மன்னிக்க மாட்டான்” என்று சொல்லிச் சிரித்தாள்.

அண்ணன் குமரகுருபரன் தச்சநல்லூரில் உரக்கடை வைத்திருப்பவர். ஈரெட்டு தினமும் ஆடுவார். தங்கைதான் குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். அவள் வீட்டைவிட்டுப் போனபிறகு என்னைத் தேடி அச்சகத்துக்கு வந்தார். வெயிலில் நடந்து வந்திருந்தார்.

“அண்ணாச்சி, எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. எங்க அப்பா சோறு திங்க மாட்டேங்காரு. ஊருல ஒருத்தன் மொகத்துல முழிக்க முடியல.”

“எனக்குத் தெரியாது தம்பி.”

“கண்டேம்னா என்ன செய்வேன்னு எனக்கே தெரியல” என்றார். சொன்ன விதம் அமைதியாகத்தான் இருந்தது. அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. அவர் போனபிறகும் அங்கே வியர்வை ஈரம் இருந்தது. ஆகவே, அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அன்றைய புதிர் அவர்கள் பெயரில் வரும். நான்கு கூட்டமும் அவர்களைப் பற்றியதாக இருக்கும். ஆனி பன்னிரண்டு பிருந்தாவின் பிறந்தநாள். ‘பிருந்தாவுக்கு’ என்று தலைப்பிட்டு வெளியிட்டேன்.

கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை. இது எளிய கூட்டம், எல்லோரும் முதலில் இதைத்தான் எடுப்பார்கள். அரிசி, மாவு, நூல், எண்ணெய். நான்கும் மில்லுக்கு முன்னால் வருகிற சொற்கள். சூது, பொய், வஞ்சம், கபடம். இவற்றோடு கள்ளமும் சேரும் என்று தோன்றும், ஆனால் சேராது. கள்ளம், அரவம், பாஞ்சாலம், ஆழ்வார். இந்த நான்குக்கும் பின்னால் குறிச்சியைச் சேர்த்தால் ஊர்ப்பெயர்கள். நான் போட்டதிலேயே நல்ல புதிர் இதுதான் என்று நினைக்கிறேன். அனுப்பும் முன் யாரிடமும் காட்டவில்லை.

ஆறு நாற்பதுக்குக் குமரகுருபரன் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, கள்ளக்குறிச்சி, அரவக்குறிச்சி, பாஞ்சாலங்குறிச்சி எல்லாம் தூரம். மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. மாவு மில்லா, அரிசி மில்லா? நான் நெனைக்கது சரியா?”

“விடையை நான் வெளியில் சொல்கிற வழக்கம் இல்லை” என்றேன். பிறகு, “அரிசி இல்லாமல் மாவு ஏது?” என்றேன்.

“அவ மீன் திங்காளா?” என்று கேட்டார்.

“ஆமா” என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். ஆடியவர்களின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். ஒரு தவறும் செய்யாமல் முடித்திருந்தார்.

பத்தரை மணிக்கு அவர் அந்த மாடியில் என்ன செய்தார் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மெர்வின் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தபோது பிருந்தாவுக்கு உயிர் இல்லை. குமரகுருபரன் அரிவாளைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார் என்று செய்தித்தாளில் படித்தேன். அந்தச் செய்தியில் பிருந்தாவின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.

கையெழுத்துப் போடச் சொல்லி நீங்கள் கொடுத்த இந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது பக்கத்தில், ‘காலை ஒன்பது மணிக்கு மனம் வருந்திப் புதிரை நீக்கினேன்’ என்று இருக்கிறது. நீக்கியதைப் பார்த்து நீங்களாகவே அப்படி நினைத்திருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனது. ஆனால் தெரிந்த பிழையை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட என்னால் முடியாது.

நடந்தது இதுதான். எட்டு ஐம்பதுக்குப் பிருந்தாவிடமிருந்து செய்தி வந்தது. மெர்வின் வேலைக்குப் போயிருந்தான். “அண்ணாச்சி, ஏன் இப்படிப் போட்டிய? அண்ணன் பாத்தா வந்துருவான். மெர்வினைக் கூப்பிடவா? பஸ் ஏறி எங்கயாவது போயிரவா? என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

நான் புதிரை நீக்கினேன். அவள் போனில் பார்த்துத் திருப்திப்பட வேண்டும் என்பதற்காக. குமரகுருபரன் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே விடை கண்டுவிட்டார். பிறகு அவளுக்கு எழுதினேன்: “தெரியாமப் போட்டுட்டேன், எடுத்துட்டேன். உங்க அண்ணன் இன்னைக்கு இன்னும் ஆடல. மெர்வினை அலைய விடாத. வெளிய எங்கயும் போவாம அங்கனயே இரி. நான் பொறப்பட்டு வாரேன்.”

நான் புறப்படவில்லை. அச்சகத்துக்குப் போய் ஒரு பள்ளி ஆண்டுமலருக்கு மெய்ப்புப் பார்த்தேன். பதினாறு பக்கம் முடித்தேன்.

நான் எழுதிய அந்தச் செய்தியை அழித்துவிட்டேன். அவள் பதில் மட்டும் என்னிடம் இருக்கிறது. “சரி அண்ணாச்சி. நீங்க சொன்னா சரி. பாத்துப் பைய வாங்க.”

அந்த வரியை நீங்கள் அப்படியே சேர்க்க வேண்டும், அம்மா. கணவன் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தான். அப்படியிருந்தும் அவள் என்னிடம்தான் கேட்டாள். அதை யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை.