இருபத்தோராம் வளைவில் ஓர் எண்ணிக்கை

மதியம் இரண்டு மணி. கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் சாலை. இரவு இல்லை, கவனியுங்கள்... பட்டப்பகல். ஆனால் ஐப்பசி மூட்டம். கையை நீட்டினால் விரல் தெரியவில்லை.

கரண்டு வரும்வரை சொல்கிறேன், கிட்டே வந்து உட்காருங்கள். வருஷம் 1999. நடந்தது என் சிநேகிதன் ராசப்பனின் மாமனார் குப்புசாமிக்கு.

மிளகுக்கொடி படர்ந்த ஒரு எல்லை மரத்துக்காகப் பங்காளி சின்னராசுவை அடித்தவர் அவர். அடித்தது நிஜம். சாவான் என்று நினைக்கவில்லை. ஆயுள் தண்டனை, ஜெயிலில் ஏழாவது வருஷம். அப்பா இறந்ததற்கு மூன்று நாள் பரோல். அன்றுதான் மூன்றாம் நாள், மாலை ஆறு மணிக்குள் சேலத்தில் ஜெயில் வாசலில் நிற்க வேண்டும். தவறினால் அடுத்த பரோல் கிடையாது. தை மாதம் மகள் மேனகாவுக்குக் கல்யாணம்... அதற்குத்தான் அந்த அடுத்த பரோல்.

பஸ் பாதி மலையில் நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே மரம் சாய்ந்து கிடந்தது.

"காலையிலதான் வெட்டுவாங்க. சீட்டுலயே படுங்க மாமா, உங்களுக்கு அடைஞ்சு கெடந்து பழக்கந்தானுங்க?" என்றான் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

குப்புசாமி மரத்தின் மேல் ஏறிக் குதித்தார். மூன்றரைக்குக் காரவள்ளியில் சேலம் பஸ். ஓடினார். செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு ஓடினார்.

இருபத்தோராம் வளைவு. பின்னால் ஒரு குரல்.

"சோடியா உக்காரு!"

ஜெயிலில் தினமும் கைதிகளை எண்ணுவது அப்படித்தான். இரண்டு இரண்டு பேராகக் குத்தவைக்க வேண்டும். தலை நிமிரக் கூடாது. எண்ணி முடித்து வார்டர் சொல்லும்வரை எழக் கூடாது. ஏழு வருஷப் பழக்கம்... யோசிக்கும் முன் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் முட்டி மடங்கும் சத்தம். பச்சை மிளகைக் கசக்கிய வாசனை.

"தள்ளி உக்காருங்கண்ணா. எனக்கும் எடம் வேணுமில்ல?"

சின்னராசுவின் குரல்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." லத்தி நுனி தார் ரோட்டைத் தட்டியது. டொக்... டொக்...

எழப் பார்த்தார். கால் கேட்கவில்லை.

"சாமி, எம்புள்ள கண்ணாலமுங்க... ஆறு மணிக்குப் போயாகோணுமுங்க..."

எண்ணிக்கை நிற்கவில்லை. நூறு தாண்டியது. ஆயிரம் தாண்டியது. கீழே காரவள்ளியில் பஸ் ஹாரன் கேட்டது, தேய்ந்தது. இருட்டியது. மழை பிடித்தது. விடியும்வரை அந்த மழை விடவில்லை.

காலையில் மரம் வெட்ட ஆளேற்றி வந்த லாரி டிரைவர் கருப்பண்ணன்தான் பார்த்தார். குத்தவைத்தபடியே இருந்தார் குப்புசாமி.

"ஏனுங்க, எந்திரிங்க!"

"இன்னும் எண்ணி முடியலீங்க..."

இரண்டு பேர் தூக்கித்தான் லாரியில் ஏற்றினார்கள். நாள் தவறியதற்கு இன்னொரு வழக்கு. தையில் ராசப்பன் மேனகாவுக்குத் தாலி கட்டியபோது, அப்பா நிற்க வேண்டிய இடத்தில், குப்புசாமி கேட்டுக்கொண்டபடி, கருப்பண்ணன் நின்றார்.

அன்று பந்தி முடிந்ததும் அவர் மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம். குப்புசாமியைத் தூக்கியபோது, அவர் இருந்த இடம் நனையாமல் காய்ந்து கிடந்தது. அது சரி, ஆள் உட்கார்ந்த இடம். ஆனால் பக்கத்திலும் ஓர் ஆளளவு காய்ந்திருந்தது... அதற்குப் பின்னால் இரண்டு. அதற்கும் பின்னால் இரண்டு. வளைவு திரும்பும்வரை, சோடி சோடியாக.