மூன்று மொழிக்கும் ஒரே மூச்சு

ஃபர்வானியாவின் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குச் சுருதி சேர்த்தவரே, பாட்டு வகுப்பைக் கணக்கு வகுப்புக்கு விட்டுக்கொடுக்க மறுத்து ஆண்டுதோறும் மல்லுக்கு நின்றவரே, எங்கள் இசையாசிரியை திருமதி நளினி ஸ்ரீனிவாசன் அவர்களே, வணக்கம்.

பணி முடிந்தால் விசாவும் முடிகிற வளைகுடா ஊர் இது. ஆகவே, நீங்கள் ஓய்வுபெற்றுக் கோவைக்குத் திரும்பும் முன் சொல்ல வேண்டியதை இன்றே சொல்கிறோம். அன்பின் உறைவிடம், பொறுமையின் சிகரம் என்று அச்சடித்த மடல்கள் கடையில் கிடைக்கின்றன. பொறுமைக்கும் உங்களுக்கும் வெகுதூரம். அந்தப் பொறுமையின்மைக்குத்தான் இந்தப் பாராட்டு.

சென்ற ஆண்டு தேவாலய வளாகத்தில் நடந்த ஈஸ்டர் பாட்டுப் போட்டிக்கு, அவரவர் மரபுப் பாட்டையே பாட வேண்டும் என்பது விதி. நம் பிள்ளைகள் தமிழில் பாடி இறங்கியதும் மலையாளக் குழுவின் ஷைனி மேடையோரம் வந்தார். "இது எங்க பாட்டாக்கும் டீச்சரே. வார்த்தையை மாத்தி மெட்டைத் தூக்கிட்டீங்க." அரபுக் குழுவை அழைத்து வந்த லெபனான்காரர் ஜார்ஜெட், இல்லை, அந்த மெட்டு தங்கள் அரபுப் பாட்டினுடையது என்றார். நடுவர்கள் முதலில் நம் குழுவை நீக்கப் பார்த்தார்கள். "பொட்டு வச்ச டீச்சர் ஈஸ்டர் பாட்டு சொல்லிக்கொடுத்தா இப்படித்தான்" என்று முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். திருட்டுப் பட்டம் சுமந்து நம் பிள்ளைகள் தலைகுனிந்து நின்றார்கள்.

அனுமதி கேட்காமல் மைக்கை வாங்கினீர்கள். "மூணு குழுவும் முதல் அடியை மட்டும் பாடுங்க. யல்லா, ஆரம்பிங்க."

பாடினார்கள். மூன்று குழுவும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கின. அந்த இடத்தில் நம் 'உயிர்த்தெழுந்தார்' நடுவில் அறுந்தது. மலையாளச் சொல்லும் அறுந்தது. தன் அரபுச் சொல்லும் அங்கேயே முறிவதை அன்றுதான் கவனித்த ஜார்ஜெட் வாயில் கைவைத்தார்.

"உங்க வார்த்தைக்குன்னே போட்ட மெட்டு உங்க வார்த்தையையே வெட்டுமா? மெட்டு முன்னாடி வந்தது. நாம எல்லாரும் பின்னாடி வந்து சொல்லைத் திணிச்சவங்க. எங்க பிறந்ததுன்னு எனக்குத் தெரியாது. திருடங்கன்னா மூணு பேரும் திருடங்க. பங்காளிங்கன்னா மூணு பேரும் பங்காளிங்க. எது வேணும்?"

ஷைனிதான் முதலில் சிரித்தார். "பங்காளி மதி டீச்சரே, அது போதும்."

பிறகு மூன்று மொழிகளும் ஒருசேர எழுந்தன. ஒரே இடத்தில் அறுந்து, ஒரே இடத்தில் உயர்ந்து, அரங்கையே எழுப்பி நிறுத்தின. நடுவர்கள் மூன்று குழுவுக்கும் சேர்த்து முதற்பரிசு அறிவித்தார்கள். சிரித்தவரும் கைதட்டினார். நாங்கள் பார்த்தோம், மன்னிக்கவில்லை.

அடங்கிப்போகாத ஆசிரியையே, அதட்டிப் பேசியும் அன்பை விதைத்தவரே, கோவை சென்றும் குரல் குறையாமல், உடல் தளராமல், யாருக்கும் தலைவணங்காமல் நூறாண்டு வாழ்க.

இந்த மடலை இத்துடன் நிறுத்துகிறோம். ஷைனியும் ஜார்ஜெட்டும் தங்கள் பிள்ளைகளோடு வாசலில் காத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அவர்களோடுதான் நிற்கிறார்கள். எழுந்து வந்து சுருதி கொடுங்கள், டீச்சர்.

இப்படிக்கு,
உங்களிடம் திட்டு வாங்கித் தேறிய
ஆசிரியர்களும் அலுவலர்களும்

எழுதி வாசிப்பவர்: அ. விஜி, தமிழாசிரியை