ஒப்பீட்டு ஊர்

கொடைக்கானலில் ஐப்பசி பிறந்துவிட்டால் துணி காயாது. வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பளிகள் தொங்குவதைப் பார்த்து முகம் சுளித்தீர்கள். வாடைக்கு மன்னிக்க வேண்டும். துவைத்துப் போட்டு எத்தனையோ நாளாகிறது, இன்னும் ஈரம் போகவில்லை. நீங்கள் குனிந்து வந்தீர்கள். உங்களோடு வந்த காவலர் குனியவில்லை, அதனால் தோளைத் துடைத்துக்கொண்டே நிற்கிறார். அவரையும் உட்காரச் சொல்லுங்கள். சூடாகக் காபி இருக்கிறது.

நீங்கள் ஜீப்பைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். டிரைவர் திருமலைச்சாமி எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டியிருப்பார். அன்று ஜீப்பைப் பாதி வழியில் திருப்பச் சொன்னது நான்தான். அதை மறைக்க எனக்கு ஓர் அவசியமும் இல்லை. ஆனால் ஜீப்பிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. நான் சொல்கிற வரிசையில் கேளுங்கள், நடுவில் குறுக்கிடாதீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் பழனி. சன்னதி வீதியில் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. தைப்பூசத்துக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று கார்த்திகை மாதமே சொல்லிவிடுவார். காரைக்குடிப் பக்கம் அறுவடை எப்படி, திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் இருக்கிறதா, வெல்லம் என்ன விலை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரிப்பார். கூட்டம் வந்த பிறகு சரக்கு வாங்குகிறவன் வியாபாரி இல்லை என்பார். நான் பெரிய படிப்பெல்லாம் படித்து வெளிநாட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டதும் இதைத்தான். அங்கே அதற்குப் பெரிய பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் தங்கி நடத்துகிற இந்த வெளிநாட்டு உதவி நிறுவன அலுவலகத்தின் வேலை அதுதான். ஒரு நாட்டுக்கு உதவி தேவைப்படப் போகிறது என்பதை, அந்த நாடு கேட்பதற்கு முன்னால் கண்டுபிடிப்பது. செயற்கைக்கோள் படம், மழைமானி, ஒட்டன்சத்திரம் சந்தையில் காரட் விலை, மருந்துக்கடைகளில் பேதி மாத்திரை விற்பனை, திருப்பூர் பஸ்ஸில் குடும்பத்தோடு ஏறுகிறவர்களின் எண்ணிக்கை எல்லாம் என் கணினிக்கு வரும். தனித்தனியாகப் பார்த்தால் குப்பை. சேர்த்துப் பார்க்கத் தெரிந்தால், எந்த ஊர் எப்போது விழும் என்று சொல்லலாம். முறை இந்த மலையில் தேறிவிட்டால் நேபாளம், மலாவி, ஹோண்டுராஸ் என்று பல நாடுகளில் கொண்டுவருவதாகத் தலைமையகத்தில் பேச்சு. எத்தனை லட்சம் உயிர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் யோசிக்க மாட்டீர்கள். உங்களுக்கு ஜீப்தான் முக்கியம்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது இரண்டு ஊர்கள். இரண்டும் கீழ்மலையில், ஒரே சரிவின் இரண்டு பக்கம். தேன்பாறையில் இருப்பவர்கள் காப்பித் தோட்டக்காரர்கள். கவுன்சிலர் உண்டு, வாட்ஸ்அப் குழு உண்டு, மதுரையில் வக்கீலாக இருக்கும் பிள்ளைகள் உண்டு. சடையன்பள்ளத்தில் இருப்பவர்கள் காட்டு மக்கள். தேன், கடுக்காய் எடுப்பார்கள், தோட்டக் கூலிக்குப் போவார்கள். ஊருக்குப் பெரியவர் என்று யாரும் கிடையாது. போன் வைத்திருப்பவன் நாகன் ஒருவன் என்பதால் நான் அவனோடு பேசுவேன்.

சடையன்பள்ளத்துக்காரர்களிடம் ஒரு பழக்கம். மனதுக்கு ஒன்று சரியாகப் படவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். சண்டை போட மாட்டார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை ஏலத்தோட்டத்தில் கங்காணி நாகனின் மனைவி பழனியம்மாளைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டான். மறுநாள் தோட்டத்து வாசலில் அரிவாள்களும், முன்பணமாக வாங்கிய அரிசியும் வரிசையாக இருந்தன. ஓர் ஆள் இல்லை. அன்றிலிருந்து அந்தத் தோட்டத்துப் பக்கம் அவர்கள் யாருமே போகவில்லை, வழியில் கங்காணியைப் பார்த்தாலும் பார்க்காததுபோல் போவார்கள். வாங்கியதைத் திருப்பி வைத்துவிட்டால் அவர்களுக்கு அந்த ஆள் செத்த மாதிரி என்று என் உதவியாளர் கந்தவேல் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது.

மழைக்கும் அப்படித்தான். வானம் கறுத்து, பிள்ளைகள் சிணுங்கினால் போதும், சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு மேலே இருக்கும் பாறைக்குகைக்கு ஏறிவிடுவார்கள். பாதி தடவை மழையே வராது. நான் வந்த பிறகு அதை மாற்றினேன். ‘அம்மா சொன்னா ஏறுவோம், சொல்லலைன்னா இருப்போம்’ என்ற நிலைக்குக் கொண்டுவர இரண்டு மழைக்காலம் ஆனது. நான் ஏறச் சொன்ன ஒவ்வொரு முறையும் ஓடை பொங்கியது. இருக்கச் சொன்ன ஒவ்வொரு முறையும் வெயில் அடித்தது. நாகன் என்னைச் சாமி மாதிரி பார்த்தான். தாலுகா முழுவதற்கும் பொதுவாக வரும் அரசாங்க எச்சரிக்கையை அவன் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. போன வருடம் வீட்டுக்கு வீடு கம்பளி கொடுத்தேன். பழனியம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டு வருடம், இரண்டு ஊரிலும் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை. அதைத்தான் தலைமையகக் குழுவிடம் காட்டினேன். திரையில் ஏழெட்டு முகங்கள். அதில் ஒருவர், ஆப்பிள் கடித்துக்கொண்டே கேட்டார்: “நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தாலும் யாரும் இறந்திருக்க மாட்டார்களோ என்னவோ? சொன்னதால் பிழைத்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?”

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எரிகிறது. ஆனால் கேள்வி சரியானது, இன்ஸ்பெக்டர். நடக்காமல் போன ஒன்றை எப்படி நிரூபிப்பது? தீயை அணைத்தவனுக்குப் பதக்கம் கொடுப்பார்கள், தீப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டவனுக்கு என்ன கிடைக்கும்? ஒரே மழை, ஒரே சரிவு, ஓர் ஊருக்குச் சொல்லியாக வேண்டும், இன்னொன்றுக்குச் சொல்லக்கூடாது. அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். பழைய வருடங்களின் பதிவுகளை வைத்து ஒப்பிட்டால் போதும் என்றார்கள். எனக்குப் போதவில்லை. இந்த முடிவு முழுக்க என்னுடையது, வேறு யாரையும் இழுக்காதீர்கள்.

எந்த ஊருக்குச் சொல்லாமல் விடுவது என்பதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுப் போட்டு எடுத்தேன். விருப்பு வெறுப்பு நுழைந்துவிடக் கூடாது, அதுதான் அறிவியல். சடையன்பள்ளம் என்று வந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. எனக்கு மனசாட்சி இல்லை என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள், அது பொய்.

இதில் ஒரே சிக்கல், அவர்களுடைய அந்தப் பழக்கம். நான் சொல்லாவிட்டாலும் பயத்தில் பாறைக்கு ஏறிவிட்டால்? ஆள் இல்லாத ஊரில் எதை அளப்பது? அதனால் அந்தப் புதன்கிழமை வீட்டுக்கு வீடு அரிசியும் தார்ப்பாயும் தருவதாக முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். கூலிக்குப் போகிறவர்கள்கூட அன்று போகவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்த வாரம்தான் சரிவு நகரும் என்று என் கணினி சொல்லியிருந்தது. திங்கட்கிழமை அது புதன் என்று சுருங்கியது.

கந்தவேல் திரையைப் பார்த்துவிட்டான். “மேடம், செவப்பா கெடக்கு. தேன்பாறைக்குச் சொல்லியாச்சு. சடையன்பள்ளத்துக்கு யாரு சொல்றது?”

“நான் பேசிக்கிறேன். நீ வெள்ளனே சென்னைக்குக் கெளம்பணும், உனக்கு அங்க ட்ரெய்னிங் போட்டிருக்கேன்.”

“இப்பவா மேடம்? நான் வேணா நாளைக்கு வெரசா ஒரு எட்டு நேர்ல போயிச் சொல்லிட்டு...”

“நான் பேசிக்கிறேன்னு சொன்னேன்ல, கந்தவேல்.”

நல்ல பையன். அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவனை விட்டுவிடுங்கள்.

புதன்கிழமை காலை மழை ஒரே சீராகப் பெய்தது. தேன்பாறைக்காரர்கள் என்னைத் திட்டிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். சாமான் செட்டெல்லாம் ஏற்ற வண்டி கேட்டார்கள், அனுப்பினேன். முற்பகலில் நாகன் கூப்பிட்டான். அவன் போனில் மழைச் சத்தம்தான் அதிகம் கேட்டது.

“அம்மா, ஓடத் தண்ணி கலங்கலா வருதுங்க. பிள்ளைக ஒரே அழுக. பாறைக்கு ஏறிட்டு நாளைக்கு எறங்கி வரவாங்க?”

“ஏறிட்டீங்கன்னா அரிசி யாருக்குக் குடுக்கிறது, நாகா? வண்டி வந்துக்கிட்டிருக்கு.”

“அரிசி கெடக்கட்டும்மா. நீங்க சொல்லுங்க. இருக்கலாமா, போகலாமா?”

அப்படி அவன் கேட்டிருக்க வேண்டாம். அரிசிக்காகவே அவர்கள் இருந்தார்கள் என்றால் எனக்கும் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். நான் திரையைப் பார்த்தேன். பிறகு, “இருங்க” என்றேன். அவன் பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பி, “அம்மா இருக்கச் சொல்லிருச்சு” என்று சொன்னது கேட்டது. அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளை நிறுத்தியது. நான் போனை வைத்தேன்.

இப்போது உங்கள் ஜீப். அரிசியை ஏற்றிக்கொண்டு திருமலைச்சாமி உண்மையாகவே கிளம்பியிருந்தார். நான்தான் அனுப்பினேன், ஏனென்றால் நான் வாக்குத் தவறுவதில்லை. நாகனிடம் பேசி முடித்ததும்தான் நினைவுக்கு வந்தது. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், சின்னவளுக்குத் தையில் கல்யாணம். உடனே கூப்பிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

“பாதித் தூரம் வந்துட்டேன் மேடம். அந்தச் சனம் பாத்துக்கிட்டு இருக்குமே.”

“திரும்புங்கன்னா திரும்புங்க. மண்ணு சரியப் போகுது.”

இதைத்தான் என் வாயிலிருந்து வரவழைக்கப் பார்த்தீர்கள். ஆமாம், எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவரைக் காப்பாற்றினேன். அவர் சோதனையில் சேர்ந்தவர் இல்லை, அவர் சாவதில் அர்த்தமே இல்லை. அதைக் கருணை என்று நீங்கள் குறித்துக்கொள்ளலாம். அந்த மனிதர் அதற்கு நன்றி சொல்லாமல் உங்களிடம் வந்து நிற்கிறார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சரிவு இரண்டு பக்கமும் இறங்கியது. தேன்பாறையில் வீடுகள் பல போயின, ஓர் ஆளுக்குக் கீறல் இல்லை. சடையன்பள்ளத்தில் பதினோரு பேர். பழனியம்மாள் அதில் ஒருத்தி. நாகன் வண்டி வருகிறதா என்று பார்க்கப் பாதை வரைக்கும் நடந்து வந்திருந்ததால் பிழைத்தான். நான் அறிக்கையை அன்று மாலையே அனுப்பிவிட்டேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். குழுவில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆப்பிள் கடித்தவர், இப்படி ஒரு தெளிவான முடிவைத் தாம் பார்த்ததே இல்லை என்று எழுதியிருந்தார். அரிசி விஷயமும் நாகனின் போனும் அவருக்குத் தெரியாது.

என் மீது சடையன்பள்ளத்திலிருந்து ஒரு புகாராவது வந்திருக்கிறதா? வரவில்லை. மனு கிடையாது, மறியல் கிடையாது. நீங்கள் வந்திருப்பது டிரைவர் சொன்னதை வைத்து. பாதிக்கப்பட்டவர்களுக்கே கோபம் இல்லாதபோது உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றுதான் நான் கேட்கிறேன். எஞ்சியவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. நாகனின் போன் அணைந்து கிடக்கிறது.

மறைக்க எனக்கு அவசியம் இல்லை என்றேன், ஆகையால் சீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எடுத்த சீட்டில் தேன்பாறை என்றுதான் இருந்தது. அதை மடித்து உள்ளே போட்டுவிட்டு மறுபடி எடுத்தேன். மறுபடியும் தேன்பாறை. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. தேன்பாறைக்காரர்கள் கேள்வி கேட்பவர்கள், பிறகு வழக்கு அது இது என்று ஆராய்ச்சி கெட்டுவிடும். இதை விருப்பு வெறுப்பு என்று சொல்ல முடியாது. எந்தச் சோதனையிலும் இடைஞ்சல்களை நீக்கத்தான் செய்வார்கள்.

நீங்கள் அந்தக் கம்பளிகளையே பார்க்கிறீர்கள். போன வருடம் சடையன்பள்ளத்துக்கு நான் கொடுத்தவை. ஒரு நாள் காலையில் கேட்டைத் திறந்தால், வாசலில் மடித்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்று குறையவில்லை, மண்ணுக்குள் இருந்து எடுத்தவைகூட இருந்தன. ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, அரசாங்கம் புதிது கொடுத்திருக்கும். நல்ல கம்பளி, வீணாக்க மனம் வரவில்லை, நானே துவைத்தேன். நாலு நாள் வெயில் அடித்தால் காய்ந்துவிடும். மேல்மலையில் போளூர்ப் பக்கம் இன்னும் இரண்டு ஊர் பார்த்து வைத்திருக்கிறேன், அங்கேயும் குளிர் அதிகம்.